முப்பது ஆம்பியர்

பேனட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தியதும் கொடியரசனுக்கு முதலில் வந்த நினைப்பு, இந்த வண்டி எரிந்தால் எந்தப் பக்கத்திலிருந்து எரிய ஆரம்பிக்கும் என்பதுதான். பேட்டரிப் பக்கம்தான், சந்தேகமே இல்லை. வந்த நினைப்பை அவன் விரட்டவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. வந்ததுதான் வந்தாய், உட்கார் என்று ஒரு மூலையில் இடம் போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். வண்டி நந்தகோபாலின் மகள் திவ்யபாரதியுடையது. நந்தகோபால் என்று கேட்டால் கம்பத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள், கூலிங் கோபால் என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே கைகாட்டுவார்கள், வண்டி ஏ.சி.க்குக் கேஸ் ஏற்றுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே பட்டறைத் தெருவில் நூறு பேர் பார்க்க உள்ளங்கையால் சூடத்தை அணைத்து, வேன் எரிந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று சத்தியம் செய்து, கொடியரசனின் பிழைப்பையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போனவன். அவன் மகள் இன்றைக்குச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு, ஏதோ சொந்த மாமன் வீட்டுக்கு வருகிற மாதிரி, தெருக்கடைசி வரைக்கும் வண்டியை ஓட்டிவந்து, இவனுடைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நிறுத்திவிட்டு இறங்கினாள். “மாமா, ஓடயில நல்லா குளுருது, எங்கயாச்சும் நின்னா சூடா ஊதுது. கம்பம்மெட்டு மலை ஏறயில ஒம்பதாவது வளைவுல சூடு காட்டுற முள்ளு செவப்புக்குப் போயிருது. ஏ.சி. போட்டா ரேடியேட்டர் ஃபேனும் கூடவே ஓடுற மாதிரி வயரிங் பண்ணணுமாம். அப்பா சொன்னாரு. ஒங்ககிட்டத்தேன் குடுக்கணும்னாரு.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் தொண்டையில் மீன்முள் மாதிரி குறுக்கே நின்றுகொண்டது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்பா சொன்னாரு. எந்த அப்பா சொன்னார்? இந்தக் கொடியரசன் கைபட்டால் வண்டி எரியும் என்று ஊரை நம்பவைத்த அப்பாவா? அவனா தன் மகளுடைய வண்டியை, தினமும் மலையேறி மெட்டுக்கு அந்தப்பக்கத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மகளுடைய வண்டியை, கூடவே மூன்று டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை, என்னிடம் அனுப்புகிறான்? கிண்டலா, கொழுப்பா, இல்லை வயதாகி மறதி வந்துவிட்டதா? மறதி வருகிற வயது இல்லை, இவனைவிட நான்கு வயதுதான் மூத்தவன். இப்படி நினைத்துக்கொண்டே கொடியரசன் முன்பக்கக் கிரில்லைக் கழற்றினான், ஹாரனைக் கழற்றினான், ஃபேன் வயரைத் தேடிப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கைகள் அதுபாட்டுக்கு வேலை செய்தன. கைகளுக்கு ரோஷமே கிடையாது, எவன் வண்டியானாலும் குனிந்து வேலை செய்யும் என்று அவற்றின்மேலும் ஒரு கோபம் வந்தது. கூரைத் தகடு காய்ந்து சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரின் தித்திப்பு நாற்றம். அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பரீட்சைத் தாள்களை எடுத்து மடியில் வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்திருந்தாள். சின்ன வயதில் இவள் இப்படித்தான் பட்டறையில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அப்போது இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கோபால் கேஸ் ஏற்றுவான், இவன் வயரிங் பார்ப்பான், ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள், மாப்ள மச்சான் என்றுதான் பேச்சு, அதனால்தான் இவளுக்கு இவன் மாமா. அதெல்லாம் என்ன கூத்து என்று இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. இஞ்சின் சூடானால் மட்டும் ஓடுகிற ஃபேனை, ஏ.சி. போட்டாலும் ஓடவைக்க வேண்டும். அதற்கு ரிலே என்று தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஏ.சி. கம்ப்ரஸருக்குப் போகிற வயரிலிருந்து சன்னமாக ஒரு வயரை எடுத்து ரிலேக்குக் கொடுத்தால், கம்ப்ரஸர் பிடிக்கும்போதெல்லாம் ரிலேயும் டிக்கென்று பிடிக்கும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் வழியாக ஃபேனுக்குக் கரண்டு பாயும். அந்தத் தடித்த வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு ஃபியூஸ். முப்பது ஆம்பியர். பச்சை நிறத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டு. ஃபேன் எங்கேயாவது இறுகி நின்று அளவுக்கு மேலே கரண்டை இழுத்தால், அந்தத் துண்டு தான் செத்து வண்டியைக் காப்பாற்றும். கொடியரசனுக்கு ஒரு பழக்கம், ஃபியூஸைக் கடைசியில்தான் சொருகுவான். எல்லா இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றி, கட்டுப்போட்டு, துணியால் கையைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் அந்தப் பச்சைத் துண்டை எடுத்து அதன் கூட்டில் அழுத்துவான். டக் என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டால்தான் அவனுக்கு வேலை முடிந்ததாகக் கணக்கு. இருபது வருடத்தில் எத்தனை வண்டி, எத்தனை டக். ஆனால் ஏழு வருடமாக அவனைப் பிடித்து ஆட்டுகிறது ஒரே ஒரு டக்தான். அந்த வேனில் அது கேட்டதா? கேட்டது. நிச்சயமாகக் கேட்டது. வேனின் பேட்டரி உட்காருகிற தட்டு துருப்பிடித்திருந்தது, அதில் கட்டைவிரல் கீறி ரத்தம் வந்தது, விரலை வாயில் வைத்துக்கொண்டே மறுகையால் ஃபியூஸை அழுத்தினான், டக். இல்லை, அதற்கு முன்பே டிரைவர் சீட்டிலிருந்து தனிக்கொடி ஹாரனை அடித்து அவசரப்படுத்தினானே, அப்போது விரலை உதறிக்கொண்டு பேனட்டை மூடினோமே, அது அழுத்துவதற்கு முன்னாலா பின்னாலா? பின்னால்தான். பின்னால்தான் என்று எத்தனையாவது தடவையாகச் சொல்லிக்கொள்கிறாய்? சாப்பிட உட்கார்ந்தால் இது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் இது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இது. ஒரு பொருளை அளவுக்கு மேலே கழுவினால் அதன் நிறமே போய்விடுமே, அப்படி நினைத்து நினைத்து அந்த டக் வெளுத்துப்போய்விட்டது. இப்போது காதில் கேட்பது அன்றைக்குக் கேட்டதா, இவனே போட்டுக்கொண்டதா என்று இவனாலேயே சொல்ல முடியாது.

தனிக்கொடி இவன் மச்சினன், மனைவி பேச்சியின் தம்பி. வேன் டிரைவர். குமுளியில் பெண் பார்க்கப் போன பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு மலையேறியவன். முந்தின வாரம் ஃபேன் வயரிங் பார்த்தது மாமன் கொடியரசன், அன்றைக்குக் காலையில் கேஸ் ஏற்றியது கோபால். மலையில் ஏதோ ஒரு வளைவில் ஃபேன் இறுகியிருக்கிறது. ஃபியூஸ் இருந்திருந்தால் போயிருக்கும், ஃபேன் நின்று ஏ.சி. சூடாக ஊதியிருக்கும், பெண் பார்க்கப் போனவர்கள் வியர்த்துக்கொண்டே போயிருப்பார்கள், அவ்வளவுதான். வயர் பற்றிக்கொண்டது. பக்கவாட்டுக் கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. தனிக்கொடி வெறுங்கையால் அந்தத் தகரத்தைப் பிடித்து இழுத்துப் பதினொரு பேரையும் வெளியே தள்ளினான். ஒருத்தர் உயிருக்கும் சேதமில்லை என்று பேப்பரில் போட்டார்கள். அவன் கை பற்றிப் பேப்பரில் ஒன்றுமில்லை. இன்றைக்கும் அவனால் பத்து விரலையும் மடக்க முடியாது. அக்கா வீட்டுக்கு வந்தால் பேச்சிதான் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவாள். அப்போது கொடியரசன் வாசலுக்குப் போய் நின்றுகொள்வான். அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீதானா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் இவன் கத்தியிருப்பான், அழுதிருப்பான், ஏதாவது செய்திருப்பான். அவள் கேட்கவில்லை. மிக்ஸி ரிப்பேரானபோது அதைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருக் கடைக்கு நடந்தாள். அயர்ன் பாக்ஸ் போனபோதும் அப்படித்தான். எலெக்ட்ரீசியன் பெண்டாட்டி அயர்ன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்க நடக்கிறாள். அதைப் பார்த்த அன்றைக்குக் கோபாலைக் கொல்லலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. கோபத்தில் வருகிற பேச்சாக இல்லை, நிஜமாகவே தோன்றியது, எந்தச் சந்தில் நிற்பது என்பது வரைக்கும்.

கை வழுக்கி ஸ்பேனர் கீழே விழுந்தது. “மாமா, தண்ணி வேணுமா?” என்றாள் அந்தப் பெண் தலையைத் தூக்கி. “வேணாம்” என்றான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அதுதான் அவனுக்கே ஆச்சரியம். குனிந்து ஸ்பேனரை எடுக்கும்போது எதிரே நாலு கடை தள்ளி வெல்டிங் சுருளியின் பட்டறையில் நீலப்பொறி பறப்பது தெரிந்தது. அன்றைக்குச் சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது இந்தச் சுருளிதான். பட்டறைச் சங்கத்துக்காரர்கள் தெருமுனை முனியப்பன் முன்னால் கூட்டிவைத்தார்கள். இரண்டு பேரில் ஒருத்தன் கைதான் தப்பு செய்திருக்கிறது, சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணட்டும், உண்மையுள்ளவனை முனியப்பன் பார்த்துக்கொள்வான் என்றார்கள். கோபால் முன்னால் வந்தான், ‘நான் கேஸ் மட்டுந்தேன் ஏத்துனேன், வயரத் தொடவே இல்ல, ஃபியூஸு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது’ என்றான், எரிகிற சூடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்து. கூட்டம் உஸ்ஸென்று மூச்சுவிட்டது. சுருளி தட்டை இவன் பக்கம் திருப்பி இன்னொரு கட்டிச் சூடத்தைக் கொளுத்தினான். கொடியரசனின் அப்பா கட்சிக்காரர், மகன் பெயரிலேயே கொடியை வைத்தவர், கடைசி வரைக்கும் நெற்றியில் துளி திருநீறு பூசாமல் செத்தவர். அந்தத் திமிர் இவனுக்கும் இருந்தது. ‘என் வேலைக்கு எவன் முன்னாடியும் நான் சூடம் அணைக்க மாட்டேன்’ என்றான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு சொன்னான், அடேயப்பா. சொல்லி முடித்ததும் கூட்டத்தின் முகம் மாறியதை இப்போதும் ஒவ்வொரு முகமாக எண்ணிச் சொல்வான். பொய்ச் சத்தியத்துக்குப் பயந்துதான் இவன் பின்வாங்குகிறான் என்று நூறு பேரும் ஒரே நேரத்தில் முடிவு கட்டினார்கள். தனிக்கொடி இரண்டு கையிலும் கட்டோடு வந்து நின்றிருந்தான். தலையைக் குனிந்துகொண்டான். அப்பா, உங்கள் கொள்கையை நீங்களே வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? ஒரு அழுத்து, ஒரு கொப்புளம், ஒரு வாரம் மருந்து, முடிந்திருக்குமே. அதற்கப்புறம் ஒரு கார்க்காரன் இந்தப் பக்கம் வரவில்லை. சுவர் பகிர்ந்திருந்த கடையைக் காலிசெய்து தெருக்கடைசிக்கு வந்தான். டிராக்டருக்கு லைட், ஸ்கூட்டிக்கு ஹாரன், சாமி ஊர்வலத்துக்குச் சீரியல் பல்பு. சீரியல் பல்பு போட்டுக்கொடுக்கிறவன் சூடம் அணைக்க மாட்டேன் என்றானாம் என்று அதற்கும் சிரித்தார்கள்.

ரிலேயைப் பக்கவாட்டுத் தகட்டில் திருகியாயிற்று. சன்ன வயரைப் பற்றவைத்தாயிற்று. ஈயம் உருகும் புகை கண்ணில் ஏறியது. மணி ஒன்று தாண்டியிருக்கும், பள்ளிவாசல் பாங்கு கேட்டு வெகுநேரமாயிற்று. இன்னும் தடித்த வயரைக் கட்டி ஃபியூஸ் கூட்டை மாட்ட வேண்டியதுதான். அப்போது மூலையில் உட்காரவைத்திருந்த அந்த நினைப்பு எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கிற ஜிகினாத் தாளைச் சுருட்டிச் சொருகினால் போதும். எவனுக்கும் தெரியாது. மூடியைப் போட்டுவிட்டால் கடவுள் வந்தாலும் தெரியாது. ஃபேன் அருமையாக ஓடும், ஏ.சி. குளுகுளுவென்று ஊதும், நாளைக்கு எரியாது, அடுத்த மாதம்கூட எரியாது. ஃபேன் தேய்ந்து இறுகுகிற அன்றைக்கு, சித்திரை வெயிலில், ஒன்பதாவது வளைவில். அப்புறம் கோபால் முனியப்பன் முன்னால் நின்று யாரைச் சத்தியம் பண்ணச் சொல்வான்? நினைக்க நினைக்க உடம்பு லேசாகியது, சிரிப்புகூட வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் பேனா கரகரவென்று ஓடியது. ஒன்பதாவது வளைவில் நான்கு டீச்சர்கள் என்று அது எழுதுகிற மாதிரி இருந்தது. இந்தப் பெண் கதவை எந்தக் கையால் திறப்பாள்? இடதுகைப் பழக்கம் இவளுக்கு, இடது கையில்தான் பேனா பிடித்திருக்கிறாள். இடது கையின் ஐந்து விரல். போதும், நிறுத்து என்றான் மனத்துக்குள். அது நிற்கவில்லை, இன்னும் ஒரு படி கீழே இறங்கி அவனை அங்கே வைத்து மடக்கியது. கொடியரசா, நீ இன்றைக்கு ஃபியூஸ் இல்லாமல் மாட்டினால், கொடியரசன் ஃபியூஸ் இல்லாமல் மாட்டுகிறவன் என்பது உண்மையாகிவிடும். ஏழு வருடத்துக்கு முன்னால் அவன் அணைத்த பொய்ச் சூடம் இன்றைக்கு மெய்ச் சூடமாகிவிடும். அவன் சொன்ன பொய்க்கு நீயே உன் கையால் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுக்கிறாய். அடப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பழிவாங்கக்கூட வழியில்லாமல் அல்லவா கட்டிப்போட்டிருக்கிறான். அப்படியென்றால் இன்னொன்று செய்யலாம். வயரிங்கைச் சுத்தமாக முடித்துக் கொடுத்துவிட்டு, உன் அப்பன் யார் தெரியுமா என்று இந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாம். அவன் உயிராக வளர்த்த ஒற்றை மகள். இவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் வீட்டுக்குள் வளையவர வேண்டும், ஒருத்தரும் ஒன்றும் கேட்காத வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அது வேண்டும் அவனுக்கு. அது எரிவதைவிட நன்றாக எரியும்.

தடித்த வயரைக் கட்டி முடித்தான். ஃபியூஸ் கூடு வாயைத் திறந்துகொண்டு காலியாக இருந்தது. பெட்டியிலிருந்து பச்சைத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தினான். “பாப்பா” என்றான். “ஒங்கப்பா எதுக்கு எங்கிட்ட அனுப்புனாரு?”

அவள் பேனாவை மூடினாள். “ஏழு வருசமா எங்க வீட்ல வயரிங் வேலைன்னா அப்பா மதுரைக்குத்தேன் வண்டிய எடுத்துட்டுப் போவாரு மாமா. இங்கனயே இத்தன பேரு இருக்கயில எதுக்கு மதுரைக்குப் போறீங்கன்னு போன வாரம் பிடிச்சு உலுக்கிட்டேன். ‘எந்தப் பயலையும் நம்ப மாட்டேன், நம்புறவன்ட்ட போக மூஞ்சி இல்ல’ன்னாரு. அப்பறம் எல்லாஞ் சொல்லிட்டாரு.”

“எல்லாம்னா?”

“அன்னைக்கிக் கேஸ் ஏத்தயில ஃபியூஸு ரெண்டு தடவ போச்சாம். ஃபேன் மக்கர் பண்ணிருக்கும்போல, அவருக்கு அது தெரியல. கைவசம் வேற ஃபியூஸு இல்ல, ஞாயித்துக்கெழம, கடையும் இல்ல. தனிக்கொடி மாமா அவசரப்படுத்துனாராம். இப்போதைக்கு இருக்கட்டும்னு ஜிகினாத் தாளச் சுருட்டி வச்சுட்டாராம்.” அவள் தாள்களின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள். “போச்சுன்னு சொன்னது நீங்க போட்ட ஃபியூஸு மாமா. அவரு கையாலதேன் கழட்டுனாராம்.”

இருந்திருக்கிறது. டக் என்று கேட்டிருக்கிறது. கொடியரசன் பேனட் விளிம்பைப் பிடித்துக்கொண்டான், தகரம் சுட்டது, கையை எடுக்கவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டே மறுகையால் அழுத்தினான், டக். அதற்கப்புறம்தான் தனிக்கொடி ஹாரனை அடித்தான். பின்னால்தான். பின்னால்தான்டா. கண்ணுக்குள் தண்ணீர் முட்டியது, அதை அந்தப் பெண் பார்க்கக் கூடாது என்று ரேடியேட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டான். ஏழு வருடமாகத் தன் கையைத் தானே சந்தேகப்பட்டவனுக்கு அந்தக் கை திரும்பக் கிடைத்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருக்கும், சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தச் சுகத்தின் அடியிலிருந்து கொதித்துக்கொண்டு வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம், இதுவரை பட்டதெல்லாம் அதற்கு முன்னால் விளையாட்டு. இதுவரை கோபால் மேல் இருந்தது பாதி ஊகம், பாதி பயம். ஒருவேளை நான்தானோ என்கிற பயம் அந்தக் கோபத்தின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. இப்போது இழுக்க ஆள் இல்லை. தெரிந்தே செய்திருக்கிறான். தனிக்கொடியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சூடத்தை அணைத்திருக்கிறான். சுட்டிருக்காதா அவனுக்கு? சுட்டும் அழுத்தியிருக்கிறான். இப்போது வீட்டுக்குள், மின்விசிறிக்கு அடியில், மகளிடம் சொல்லிவிட்டானாம், மனசு லேசாகியிருக்கும், பெரிய மனுஷன். மகளும் அப்பாவை மன்னித்திருப்பாள். வண்டியை இங்கே அனுப்பினால் இவன் புரிந்துகொள்வான் என்று நினைத்திருக்கிறான். நம்புகிறவனாம். அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போய் நான் எந்தக் கடையில் போடுவது? பேச்சியிடம் போய், கோபால் என்னை நம்புகிறான் என்று சொல்லவா?

“யார்ட்ட சொன்னாரு?” என்றான் தலையை வெளியே எடுத்து.

“எங்கிட்ட.”

“ஒங்கிட்ட.” உள்ளங்கையிலிருந்த ஃபியூஸ் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. “நூறு பேரு கூடி நின்னதுல நீ இருந்தியா ஆத்தா? அப்ப நீ மதுரையில காலேஜ் படிச்சுக்கிட்டு இருந்த. இல்லாதவகிட்ட சொல்லிருக்காரு.”

அவளுக்கு முகம் சிவந்தது. “அவருக்கு வெக்கமா இருக்கு மாமா. நெனச்சு நெனச்சுச் சாப்புடவே மாட்டேங்கிறாரு. ஒங்க மொகத்தப் பாக்க முடியாதுன்னுதேன்...”

“வயரிங் முடிஞ்சுருச்சு” என்றான் கொடியரசன். “ஃபியூஸு மட்டும் பாக்கி. அத நான் மாட்ட மாட்டேன். ஒங்கப்பன வரச்சொல்லு. அவரு வந்து அவரு கையால மாட்டட்டும். திங்கக்கெழம நீ பள்ளிக்கூடம் போகணும்னா இன்னைக்கே வரட்டும். வரலைன்னா வண்டி இங்கனயே பேனட்டத் தொறந்துக்கிட்டு நிக்கும். போறவன் வாறவன்லாம், யாரு வண்டின்னு கேப்பான். நான் சொல்லுவேன்.”

அவள் அவனையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். சண்டைக்கு ஆசையாகக்கூட இருந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனாள். அங்கே நின்று வெகுநேரம் பேசினாள். கொடியரசன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தான், மூடினான். வர மாட்டான். வந்தால்? வந்து காலில் விழுந்தால் என்ன செய்வது? காலில் விழுகிறவனை உதைக்க முடியாது, அது ஒரு தந்திரம். அழுதால் நானும் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அழக் கூடாது, தோளைத் தட்டக் கூடாது, பரவாயில்லை என்கிற வார்த்தை வாயில் வந்துவிடவே கூடாது. இந்த ஊரில் அந்த வார்த்தைதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். பரவாயில்லை இல்லை. ஒன்றும் பரவாயில்லை இல்லை. எட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். நான்கு மணிக்குத் தெருமுனையில் கோபாலின் மொபெட் திரும்பியது. கடை கடையாகத் தாண்டி வந்தது. டயர்க்கடையில் பேச்சு நின்றது. சுருளி வெல்டிங் பொறியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். கூலிங் கோபால் தெருக்கடைசிக்கு வருவதை ஏழு வருடத்தில் ஒருத்தரும் பார்த்ததில்லை.

மெலிந்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. “மாப்ள” என்றான். கொடியரசன் உள்ளங்கையை நீட்டினான். கோபால் அதிலிருந்து ஃபியூஸை எடுப்பதற்கு இரண்டு தடவை விரலைக் குவிக்க வேண்டியிருந்தது. பேட்டரிப் பக்கம் குனிந்தான், கூட்டைத் தேடினான், அழுத்தினான், மாட்டவில்லை, எடுத்துத் திருப்பி மறுபடி வைத்தான். குனிந்த முதுகைத் தெரு முழுக்கப் பார்த்தது. இன்னும் கொஞ்ச நேரம் மாட்டாமல் இருக்கட்டும் என்று கொடியரசன் ஆசைப்பட்டான், அந்த ஆசையை அவன் மறைக்கவும் இல்லை. டக். “ஸ்டார்ட் பண்ணு பாப்பா, ஏ.சி.யப் போடு” என்றான். இஞ்சின் உறுமியது, கம்ப்ரஸர் பிடித்தது, அதே நொடியில் ஃபேன் சுழன்று இரைந்தது. நல்ல வேலை, பிசிறில்லாத வேலை. கோபால் நிமிரவில்லை. இஞ்சினைப் பார்த்தபடியே, அந்த இரைச்சலுக்குள், “அன்னைக்கு ஒன் ஃபியூஸக் கழட்டுனது நாந்தேன் மாப்ள. பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்” என்றான். எதிர்ப்பக்கம் கூடி நின்றவர்கள் என்ன என்ன என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கொடியரசனுக்குக் கேட்டது, ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவன் காரின் ஜன்னலில் தட்டினான்.

“வண்டிய ஆஃப் பண்ணு ஆத்தா.”

ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. தெருவில் ஒரு சத்தம் இல்லை.

“இப்பச் சொல்லு மச்சான்” என்றான் கொடியரசன். “சுருளிக்குக் கேக்கணும்.”